நெடுக்கிலும் திருத்தலாம்

(திருவனந்தபுரத்தில் தமிழ் ஆசிரியர்கள், நூல் பதிப்புப் பணியாளர்கள், மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் தரைவழித் தொலைபேசி வைத்திருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 2000களின் தொடக்கத்தில் நம் பி.எஸ்.என்.எல். எண்களுக்கு முன்னால் ஓர் இரண்டு வந்து சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு இலக்கமாக இருந்த எண் ஏழு இலக்கமானது. 0471 என்ற ஊர்க் குறியீட்டையும் சேர்த்தால் பதினோர் இலக்கம். தொலைபேசி நிலையத்துக்கு அது ஒரே ஒரு மாற்றம். ஆனால் பள்ளி, வங்கி, நூலகம், சங்கம் என்று எங்கெல்லாம் கணினியில் ஒரு முகவரிப் பட்டியல் இருந்ததோ அங்கெல்லாம் அது ஐந்நூறு மாற்றமாகவும் ஆயிரம் மாற்றமாகவும் வந்து இறங்கியது.

அந்தப் பட்டியலை ஒரு நிமிடம் கண்முன் கொண்டு வாருங்கள். எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. சேர்க்க வேண்டிய இரண்டு எல்லா வரியிலும் ஒரே இடத்தில்தான் சேர வேண்டும். மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோடு முழுக்க இரண்டு. கண்ணுக்கு அது ஒரே வேலையாகத் தெரிகிறது. கையோ வரி வரியாகப் போய், கர்சரை வைத்து, இரண்டைத் தட்டி, கீழ் அம்பை அழுத்தி, மறுபடி கர்சரை வைத்து என்று மதியம் முழுக்க உழைக்கிறது. நடுவில் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தால் ஒரு வரி தப்பிவிடும். தப்பியது எந்த வரி என்று தேட இன்னொரு மதியம்.

கண் பார்த்த அந்தக் கோட்டைக் கையும் பிடித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. நல்ல டெக்ஸ்ட் எடிட்டர்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். நெடுவரிசைத் தேர்வு என்று அதைச் சொல்லலாம். இத்தனை சின்ன விஷயத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கக்கூடும். தமிழில் பட்டியல், அட்டவணை, சொற்பொருள் அகராதி, நூற்பட்டியல், தேர்வு முடிவு என்று ஏதாவது ஒன்றைத் தயாரித்து வாழ்கிறவர்களின் கைகளில் இருந்து எத்தனை மணி நேரத்தை இது மீட்டுத் தரும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எனவே இதைச் சின்ன விஷயமாக என்னால் கருத முடியவில்லை.

வழக்கமான தேர்வில் மவுஸை இழுத்தால் என்ன நடக்கிறது? தொடங்கிய இடத்திலிருந்து அந்த வரியின் கடைசி வரை, பிறகு அடுத்த வரி முழுவதும், அதற்கடுத்த வரி முழுவதும், இறுதியில் விட்ட இடம் வரை. உரையை நாம் படிக்கும் வரிசையிலேயே அது போகிறது. நெடுவரிசைத் தேர்வில் அப்படி இல்லை. மேல் இடது மூலையையும் கீழ் வலது மூலையையும் மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள். இடையில் உள்ள கட்டம் மட்டும் தேர்வாகிறது. அந்தக் கட்டத்தை அழிக்கலாம், நகலெடுக்கலாம், வேறோர் இடத்தில் கட்டமாகவே ஒட்டலாம். கட்டத்தின் அகலத்தைச் சுழியமாக்கி, அதாவது வெறும் செங்குத்துக் கோடாக வைத்து, ஓர் எழுத்தைத் தட்டினால் எல்லா வரியிலும் அது ஒருசேர விழுகிறது.

நமக்குத் தெற்கே பாலராமபுரம் இருக்கிறது. பலராம வர்மா மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர்கள் அங்கே தறி போட்டார்கள். தறியில் நெடுக்காகக் கட்டுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவில் ஓர் இழையைச் சாயத்தில் தோய்த்துக் கட்டிவிட்டால், ஒவ்வோர் ஊடைக்கும் தனித்தனியாக நிறம் சேர்க்க வேண்டாம். நெய்ய நெய்ய அந்தக் கோடு துணியின் கடைசி வரை வந்துகொண்டே இருக்கும். உரைக்கும் ஊடை மட்டும் இல்லை, பாவும் இருக்கிறது. நம்மில் பலர் ஊடையை மட்டும் பிடித்துக்கொண்டு நெய்து வருகிறோம்.

சரி, எதை அழுத்த வேண்டும்? விண்டோஸில் நோட்பேட் பிளஸ் பிளஸ் வைத்திருப்பவர்கள் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸை இழுத்தால் போதும். மவுஸ் வேண்டாம் என்றால் ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்து அம்புக்குறி. அதே எடிட்டரில் ஆல்ட்டும் சி-யும் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். ஒன்றில் தொடங்கு, ஒவ்வொன்றாகக் கூட்டு, முன்னால் சுழியம் இடு என்று அதில் சொல்லிவிட்டால் வரிசை எண்களை அதுவே இறக்கித் தரும். ஆயிரம் வரிக்கு எண் போட அரை நிமிடம் ஆகாது. விஷுவல் ஸ்டூடியோ கோடில் ஷிஃப்டும் ஆல்ட்டும் பிடித்து இழுக்க வேண்டும். லினக்ஸில் கேட் எடிட்டர் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றும் சேர்த்து. அதன்பின் எல்லாத் தேர்வும் கட்டத் தேர்வாகிவிடும், மறுபடி அதையே அழுத்தினால் பழையபடி. லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில்கூட எடிட் மெனுவில் தேர்வு முறை என்ற பகுதியில் இது ஒளிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆல்ட்டைப் பிடித்து இழுத்தால் கட்டம் தேர்வாகும். வேர்டை இருபது வருடம் பயன்படுத்தியவர்களில் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

விம் எடிட்டரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பிராம் மூலேனார் 1991இல் முதன்முதலில் வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் மறையும் வரை பேணிய கருவி அது. அதில் கன்ட்ரோல் வி அழுத்திக் கீழே இறங்கி, பெரிய ஐ எழுத்தைத் தட்டி, சேர்க்க வேண்டியதை எழுதி, எஸ்கேப் அழுத்த வேண்டும். எழுதும்போது முதல் வரியில் மட்டும் தெரியும். எஸ்கேப் அழுத்திய கணத்தில் எல்லா வரிக்கும் பரவும். வரிகளின் நீளம் வேறுவேறாக இருந்து, ஒவ்வொன்றின் கடைசியிலும் ஏதாவது சேர்க்க வேண்டுமா? கட்டத்தைத் தேர்ந்த பிறகு டாலர் குறியைத் தட்டினால் கட்டத்தின் வலது ஓரம் நேர்கோடாக இல்லாமல் ஒவ்வொரு வரியின் முடிவோடும் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் பெரிய ஏ. செய்யுள் நூலைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு இதைவிடப் பயன்படும் ஒன்று இல்லை. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் போன்ற பணிகளில் எத்தனை ஆயிரம் அடிகளுக்கு முடிவில் எண்கள் இடப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தன்னார்வலர்களின் இரவு நேரங்கள் அவை.

ஈமாக்ஸில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி, பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் செவ்வகத் தேர்வு. ஈமாக்ஸின் பெயரைச் சொன்னதும் இந்த ஊரையும் சொல்லியாக வேண்டும். அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலை 20ஆம் நாள் திருவனந்தபுரத்தில்தான் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அந்த விதை இங்கே வீணாகவில்லை. அதே 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017 முதல் கைட் என்ற பெயரில் பூஜப்புரையிலிருந்து இயங்கும் அரசு நிறுவனம் கேரளத்தின் பள்ளிகளுக்கு லினக்ஸைக் கொண்டு சேர்த்தது. நான் இப்போது பெயர் சொன்ன எடிட்டர்களில் பாதிக்கு மேல் காசு கொடுக்காமல், மூலநிரலோடு கிடைப்பவை. வாங்க வசதியில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

உரைக்கு நெடுவரிசை எங்கிருந்து வந்தது? கணினியில் வரி பிறப்பதற்கு முன்பே நெடுவரிசை பிறந்துவிட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் எண்பது நெடுவரிசை கொண்ட துளை அட்டையைக் கொண்டு வந்தது. அட்டையின் எந்த நெடுவரிசையில் துளை விழுகிறது என்பதே பொருளைத் தீர்மானித்தது. 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் முதல் ஐந்து நெடுவரிசை அடையாள எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழு முதல் எழுபத்திரண்டு வரை கட்டளைக்கு. எழுபத்து மூன்று முதல் எண்பது வரை கணினி படிக்காது. அங்கே வரிசை எண் போட்டு வைப்பார்கள். அட்டைக்கட்டு கைதவறிக் கீழே விழுந்து கலைந்தால் அந்த எண்ணைக் கொண்டு மறுபடி அடுக்கலாம். அட்டைகள் போய்த் திரைகள் வந்தபோது திரைக்கும் எண்பது நெடுவரிசை என்றே வைத்தார்கள். இன்றைய டெர்மினல் சாளரம் திறக்கும்போது எண்பது எழுத்து அகலத்தில் திறப்பதும் அதன் தொடர்ச்சிதான்.

எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம் என்ற எண்ணமும் அந்த அட்டையோடு சேர்ந்தே கணினிக்கு வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு வரும்போது இதுதான் பெரிய முட்டுக்கட்டையாக நிற்கப் போகிறது.

அதற்கு முன் இந்த நகரத்தில் நெடுவரிசையின் அருமையை நன்கு அறிந்திருந்த ஒரு கூட்டத்தைச் சொல்ல வேண்டும். 1998இல் இந்திய டெக் பயனர் குழு திருவனந்தபுரத்தில் தொடங்கியது. கணித நூல்களை அச்சுக்கோக்க டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் மென்பொருளைப் பயன்படுத்துவோரின் குழு அது. நம் கேரளப் பல்கலைக்கழகத்தின் கணித அறிஞர் கே. எஸ். எஸ். நம்பூதிரிபாட் அதற்குத் தலைமை ஏற்றிருந்தார். 2002 செப்டம்பரில் உலக டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடும் இங்கேயே நடந்தது. அக்குழு தயாரித்த, இ. கிருஷ்ணன் பதிப்பித்த லேடெக் பாடநூல் இன்றும் உலகெங்கும் புதியவர்கள் கையில் எடுத்துப் படிக்கும் நூல்களில் ஒன்று. லேடெக்கில் அட்டவணை எழுதியவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு பத்திக்கும் நடுவே ஓர் அண்ட் குறி, வரி முடிவில் இரண்டு பின்சாய்கோடு. எழுதும்போதே அண்ட் குறிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும்படி இடைவெளி விட்டு அடுக்கி வைத்தால், பின்னால் ஆசிரியர் வந்து மூன்றாம் பத்தியை ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லும்போது கலங்க வேண்டாம். ஒரு செவ்வகத்தை வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. அடுக்காமல் எழுதியவர் அன்று இரவு வீடு போவது தாமதமாகும்.

நெடுவரிசைத் தேர்வால் ஆகாத காரியங்களும் உண்டு. பதிப்பகத்தார் இங்கே இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 2007 ஜனவரி முதல் நாளிலிருந்து ஐ.எஸ்.பி.என். எண் பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்று இலக்கமாயிற்று. பழைய எண்ணுக்கு முன்னால் 978 சேர்க்க வேண்டும். எல்லா வரியிலும் ஒரே இடத்தில் ஒரே மூன்று இலக்கம், நெடுவரிசைக்கென்றே செய்த வேலை போலத் தெரிகிறது. அங்கே நிறுத்தினால் பட்டியல் முழுக்கத் தவறாகிவிடும். ஏனென்றால் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். புதிய முறையில் அதை மறுபடி கணக்கிட வேண்டும், அது ஒவ்வொரு நூலுக்கும் வேறு. எல்லா வரிக்கும் ஒரே மாற்றம் என்பது உறுதியானால் மட்டுமே நெடுவரிசை. வரிக்கு வரி கணக்கு மாறினால் அதற்கு விரிதாளோ சிறு நிரலோதான் வேண்டும். செய்யப்போகும் மாற்றம் எந்த வகை என்று முதலில் யோசிப்பவருக்கே இந்தக் கருவி கைகொடுக்கும்.

இன்னொன்று, நீண்ட வரிகளைத் திரைக்குள் மடக்கிக் காட்டும் வசதி. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரே வரி திரையில் மூன்று வரியாகத் தெரியும். நீங்கள் இழுக்கும் கட்டம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. வேர்ட் ராப் என்ற அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டேபும் ஸ்பேஸும் கலந்து கிடக்கும் கோப்பு இன்னும் மோசம். கண்ணுக்கு நேராக நிற்பவை உள்ளே நேராக நிற்பதில்லை. எடிட்டரில் டேபை ஸ்பேஸாக மாற்றும் கட்டளை இருக்கும். அதை முதலில் ஓட்டிவிடுங்கள். ஆல்ட் பிடித்து இழுத்தால் சில லினக்ஸ் மேசைச்சூழல்களில் சாளரமே நகரும். அப்போது விசைப்பலகை வழியே போங்கள்.

இனித் தமிழுக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

இங்கிருந்து நாகர்கோவிலுக்கு 1979இல் திறந்த ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம், நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, குழித்துறை என்று நிலையங்களை வரிக்கு ஒன்றாகத் தமிழில் எழுதி வையுங்கள். பெயருக்கு வலப்பக்கம் ஒரு காற்புள்ளி, அதற்கடுத்து ஏதாவது ஓர் எண். இப்போது காற்புள்ளிகளையெல்லாம் நேர்கோட்டில் நிறுத்தப் பாருங்கள். நிற்காது. எத்தனை ஸ்பேஸ் போட்டாலும் ஒன்று முன்னே போகும், இன்னொன்று பின்னே நிற்கும்.

காரணம் இரண்டு. முதலாவது, யூனிகோடில் நம் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே குறியாக இல்லை. 'தி' என்ற எழுத்து உள்ளே த என்ற குறியும் இகரக் குறியும் ஆக இரண்டு. 'ம்' என்பது ம-வும் புள்ளியும். இப்படி எண்ணினால் திருவனந்தபுரம் என்ற பெயரில் ஒன்பது எழுத்து. உள்ளே பதினான்கு குறி. நெய்யாற்றின்கரையில் எட்டே எழுத்து. உள்ளே பதினைந்து குறி. எழுத்து குறைந்த ஊருக்குக் குறி கூடுதல்! நான்காவது குறிக்குப் பிறகு நேராக ஒரு கோடு கிழிக்கச் சொன்னால், திருவனந்தபுரத்தில் அது 'திரு' முடிந்த இடத்தில் விழும். நெய்யாற்றின்கரையில் 'நெய்' முடிந்த இடத்தில் விழும். பாலராமபுரத்திலோ ர என்ற எழுத்துக்கும் அதன் காலுக்கும் நடுவில் விழும். அங்கே ஒரு காற்புள்ளியைச் சேர்த்தால் கால் தனியாகப் பிரிந்து, துணைக்கு எழுத்தில்லாமல், புள்ளி வட்டத்தோடு திரையில் தொங்கும். எழுத்தை ஒரு கொத்தாகப் பார்க்கத் தெரிந்த எடிட்டர்கள் இப்படி வெட்டாமல் காக்கின்றன. குறிகளை மட்டும் எண்ணுகிறவை காப்பதில்லை.

இரண்டாவது காரணம் அகலம். ஆங்கில எழுத்துகளையெல்லாம் ஒரே அகலத்தில் வரைந்த எழுத்துருக்கள் நிறைய. தமிழில் 'ர' எங்கே, 'ணௌ' எங்கே? இரண்டையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைத்தால் ஒன்று காலியாக நிற்கும், மற்றொன்று நசுங்கும். டெர்மினல் சாளரத்தில் இது இன்னும் விசித்திரமாகிறது. யூனிகோடின் பட்டியலில் இகரக் குறி இடம் பிடிக்கும் குறி என்ற வகையில் இருக்கிறது. ஈகாரக் குறி இடம் பிடிக்காத குறி என்ற வகையில் இருக்கிறது. அதனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்பி அகலம் கணக்கிடும் மென்பொருள் 'தி' என்ற எழுத்துக்கு இரண்டு கட்டமும் 'தீ' என்ற எழுத்துக்கு ஒரு கட்டமும் ஒதுக்குகிறது. நெடிலைவிடக் குறிலுக்கு இரட்டிப்பு இடம்! இப்படிப்பட்ட கணக்கின் மேல் நின்று நெடுவரிசைத் தேர்வு செய்தால் கட்டம் எப்படி நேராக விழும்?

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற குறியீட்டையும் ஏற்றது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறி. எழுத்தை எண்ணுவதற்கு அது நேர்த்தியானது. ஆனாலும் உலகம் முழுக்க மென்பொருள்களில் வேரூன்றியது யூனிகோடு. அதிலேயே வழி தேட வேண்டியதுதான்.

வழி இருக்கிறது. பட்டியல் தயாரிக்கும்போது எண், தேதி, குறியீடு ஆகியவற்றை இடப்பக்கம் வையுங்கள். எண்கள் எந்த எழுத்துருவிலும் பெரும்பாலும் ஒரே அகலம்; ஒரே குறி. தமிழ்ப் பெயரை வரியின் வலக்கோடியில் வையுங்கள். அப்போது இடப்பக்கத்தில் எத்தனை நெடுவரிசைத் திருத்தம் செய்தாலும் தமிழின் அகலம் குறுக்கே வராது. இந்த ஒரு பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். கேரளத்தில் தமிழ் வழிப் பள்ளிகளின் மாணவர் பட்டியலைத் தயாரிக்கும் ஆசிரியர்கள் நாளையே இதைச் செய்யலாம்: சேர்க்கை எண் முதலில், பிறந்த தேதி அடுத்து, பெயர் கடைசியில்.

பெயர் நடுவில்தான் வர வேண்டும் என்றால் கட்டத்தை மறந்துவிட்டுப் பல கர்சர்களைப் பிடியுங்கள். 2008இல் வந்த சப்ளைம் டெக்ஸ்ட் பரவலாக்கிய முறை இது. இன்று விஷுவல் ஸ்டூடியோ கோட் முதலியவற்றிலும் உண்டு. விஷுவல் ஸ்டூடியோ கோடில் ஒரு காற்புள்ளியை மட்டும் தேர்ந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கோப்பில் உள்ள எல்லாக் காற்புள்ளியிலும் ஒவ்வொரு கர்சர் வந்து நிற்கும். திரையில் அவை கோணல்மாணலாகத் தெரியும். அதனால் ஒன்றும் குறைவில்லை. ஒவ்வொரு கர்சரும் தன் வரியில் தன் காற்புள்ளியோடு நிற்கிறது. ஒரு சொல் வலப்பக்கம் போ என்றால் ஒவ்வொன்றும் தன் வரியின் சொல்லைத் தாண்டும். வரி முடிவுக்குப் போ என்றால் தன் வரியின் முடிவுக்குப் போகும். அகலத்தையோ குறிகளின் எண்ணிக்கையையோ அது கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் தமிழ் உரைக்குச் செங்குத்துக் கட்டத்தைவிட இதுவே பொருத்தமானது. கட்டம் இடத்தைப் பார்க்கிறது. பல கர்சர் உரையின் அமைப்பைப் பார்க்கிறது. தமிழில் இடம் ஏமாற்றும், அமைப்பு ஏமாற்றாது.

இப்படியெல்லாம் சுற்றுவழி சொல்லிவிட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எழுத்தைக் கருவிக்கு ஏற்ப வளைப்பதா, கருவியை எழுத்துக்கு ஏற்பத் திருத்துவதா என்ற கேள்வி இந்த நகரத்துக்குப் பழக்கமானது. 1971இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. தட்டச்சுப் பொறியில் விசைகள் குறைவு, அச்சில் வார்க்க வேண்டிய எழுத்துகள் அதிகம் என்பது காரணம். கூட்டெழுத்துகள் பிரிக்கப்பட்டன, உகரக் குறிகள் எழுத்திலிருந்து கழற்றி வலப்பக்கம் வைக்கப்பட்டன. தமிழிலும் 1978இல் ணை, லை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் மாறின. அவற்றின் நன்மை தீமைகளுக்குள் இப்போது போகவில்லை. ஆனால் தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்த பிறகும் பொறியின் குறையை மலையாள எழுத்து ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆர். சித்ரஜகுமாரும் கே. எச். ஹுசைனும் 1999இல் ரசனா என்ற இயக்கத்தைத் தொடங்கி, பழைய எழுத்து வடிவங்கள் முழுவதையும் ஓர் எழுத்துருவாகக் கணினியில் கொண்டுவந்து காட்டினார்கள். ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு அந்த எழுத்துருவையும் மற்றவற்றையும் கட்டற்ற மென்பொருளாகப் பேணி வருகிறது. அதே குழு தமிழுக்கும் ஓர் எழுத்துரு தந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மீரா இனிமை என்பது அதன் பெயர். வடிவமைத்தவர் அதே ஹுசைன். அண்டை மொழிக்காரர்கள் நமக்குச் செய்துகொடுத்த நல்ல காரியம் அது. நன்றியோடு சொல்ல வேண்டிய பெயர்.

அவர்கள் காட்டிய துணிவு நமக்கும் வேண்டும். எடிட்டர் கட்டத்தைக் குறிகளால் அளக்கிறது என்றால் எழுத்துகளால் அளக்கச் சொல்ல வேண்டும். யூனிகோட் நிறுவனமே எழுத்துக்கொத்து எது என்பதற்கு விதி வகுத்து வெளியிட்டிருக்கிறது. அந்த விதிப்படி 'தி' ஒன்று, 'தீ' ஒன்று, 'ரா' ஒன்று. கட்டம் அந்த எல்லைகளில் மட்டும் விழுந்தால் ஓர் எழுத்தும் உடையாது. தமிழுக்கென்றே அகலம் கணக்கிட்டு வரைந்த, ஓர் எழுத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கட்டம் என்ற ஒழுங்குள்ள எழுத்துருவும் வேண்டும். எழுத்துரு வரையும் இளைஞர்கள் இங்கே இருந்தால் இதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள். அழகான தலைப்பு எழுத்துருக்கள் தமிழில் ஏராளமாக வந்துவிட்டன. பட்டியல் போடவும் நிரல் எழுதவும் உதவுகிற எளிய எழுத்துரு அரிதாகவே கிடைக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் இந்த மாவட்டத்திலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணினியில் லினக்ஸ் இருக்கிறது. கணினி வகுப்பில் ஆங்கிலப் பட்டியலை வைத்துச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் தமிழ்ப் பட்டியலை வைத்தும் சொல்லிக் கொடுங்கள். தங்கள் ஊரின் பெயர்களை எழுதி, எண் போட்டு, வரிசை மாற்றி, பத்தியை இடம் மாற்றிப் பார்க்கட்டும். அப்போதுதான் கோடு எங்கே கோணுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்த பிள்ளைகளில் ஒருவராவது நாளை அதைச் சரிசெய்வார்.

கேட், ஈமாக்ஸ், விம் மூன்றின் மூலநிரலும் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. பிழையைத் தெரிவிக்கப் பணமோ பட்டமோ தேவையில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் எடிட்டரில் 'தி' என்று ஒரு வரியும் 'தீ' என்று அடுத்த வரியும் எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு கோடு இடுங்கள். கோடுகள் நேராக நிற்கவில்லை என்றால் திரையைப் படமெடுத்து, எந்த எடிட்டர், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று எழுதி, அதை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.